புள்ளிக்கோட்டுக்குக் கீழே

மருந்துப் போத்தலின் லேபலை ஒரு தடவை வாசித்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு வராது. கவுண்டரில் நின்று ஒரு தடவை வாசிப்பேன். பஸ்ஸில் ஒரு தடவை. வீட்டில் கரண்டியைக் கழுவித் துடைத்த பிறகு இன்னொரு தடவை. மகன் மருந்தைக் குடித்து முகத்தைச் சுளித்த பிறகும் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

"குடுத்து முடிச்சிட்டு வாசிச்சி என்ன செய்யப் போற? வயித்துக்குள்ள இருந்து திருப்பி எடுக்கவா?" என்று கணவர் கேட்பார்.

ராத்தா என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடமும் எனக்கு இதே பேச்சுத்தான். நான் வேலை செய்யும் பகல் நேரத்தில் மகனை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவனைக் கூட்டிவரப் போகும்போது வாயை முகர்ந்து பார்ப்பேன். சொக்லட் மணந்தால் ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் முகத்தில் தெரிந்துவிடும். "தங்கச்சி, நான் என்ன நஞ்சா குடுத்தேன்? புள்ள நல்லா ஈக்கிது, நீங்கதான் நோயாளி மாதிரி ஈக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும் மகனிடம், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பேன்.

என் தொழிலும் சந்தேகப்படுவதுதான். ஒரு நிறுவனம் எழுதும் மென்பொருள்களை வீட்டிலிருந்தபடியே சோதித்துப் பார்க்கிறேன். சரியாக ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால், எந்த இடத்தில் ஓடாது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதைத் தவிர, சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்தக் கதை அதைப் பற்றியது.

பேராதனையில் படித்த காலத்தில் ஒரு சீனியர் அண்ணா சின்ன மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது ஐரோப்பாவில் இருக்கிறார். நான் பிறகு சேர்ந்துகொண்டேன். ஒரு அட்டவணையைக் கொடுத்தால் அதிலிருந்து லேபல்களை அச்சடித்துத் தரும், அவ்வளவுதான். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். யாரும் எங்களிடம் கேட்க வேண்டியதில்லை. அதனால் யார் பாவிக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியாது.

அதில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் கிடையாது. கறுப்புத் திரையில் மென்பொருளின் பெயரைத் தட்டச்சுச் செய்து, பின்னால் ஒரு சிறு கோடும் எழுத்தும் சேர்த்தால், அந்த எழுத்துக்கு ஏற்றபடி அது வேலை செய்யும். அந்த எழுத்துகளைத் தெரிவுகள் என்போம். முதன்முதலில் நாங்கள் வைத்த தெரிவு -b. அதைப் போட்டால் லேபலில் சிங்களம் மேலேயும் தமிழ் கீழேயும் வரும். போடாவிட்டால் முதல் மொழி மட்டும் வரும். கண்டியில் அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். பிற்பாடு வேறு நாட்டுக்காரர்கள் வேறு மொழிகள் கேட்டார்கள். எந்த மொழி, எந்த ஒழுங்கு என்று விரிவாகச் சொல்லக்கூடிய புதிய தெரிவு ஒன்றைச் செய்தோம். அதோடு -b பழசாகிவிட்டது. நிரலுக்குள் அது கிடந்த இடத்தைச் சுற்றி எதைத் திருத்தினாலும் வேறு எங்கேயோ ஒன்று உடைந்தது.

பழைய தெரிவை அப்படியே பிடுங்கி எறியக்கூடாது, அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு பதிப்பில் எச்சரிக்கை வைக்க வேண்டும்: இந்தத் தெரிவு விரைவில் நீக்கப்படும், இனி இதைப் பாவியுங்கள் என்று. அந்த எச்சரிக்கையை ஆங்கிலத்தில் எழுதியது நான்தான். பிறகு காத்திருக்க வேண்டும். யாராவது எங்கள் இணையப் பக்கத்துக்கு வந்து, எங்களுக்கு இது தேவை என்று எழுதினால் யோசிக்கலாம்.

நாங்கள் காத்திருந்தோம். யாரும் எழுதவில்லை.

அண்ணா தொலைபேசியில் அழைத்தார். "ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. இனித் தூக்குவம்."

"சொல்லாட்டி பாவிக்கலன்னு எப்பிடி எடுக்கிறது அண்ணா?"

"பாவிச்சா வந்து கத்தியிருப்பினமே."

"இங்க உள்ள ஆக்கள் கத்தமாட்டாங்க."

"உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்."

இங்கே உள்ளவர்கள் ஏன் கத்தமாட்டார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை, எனக்கும் விளக்கத் தெரியவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்தால் இங்கே ஒருவர் என்ன செய்வார்? வேலை நடக்கிறதா என்று பார்ப்பார். நடந்தால் திரையை மூடிவிடுவார். முன்பின் தெரியாதவர்களின் பக்கத்துக்குப் போய், எல்லோரும் பார்க்க, பிழை பிடிபடக்கூடிய ஆங்கிலத்தில், ஐயா எனக்கு இது வேண்டும் என்று எழுதமாட்டார். நானே எழுதமாட்டேன். காரியாலயத்தில் சிங்களத்தில் மட்டும் ஒரு படிவத்தைத் தந்தால் என் அம்மா கேள்வி கேட்டதில்லை. பக்கத்தில் யாராவது நிரப்பித் தருவார்களா என்றுதான் பார்ப்பார். அப்படிப்பட்ட ஆட்கள் பேசாமல் இருப்பதை யார் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது?

இதில் பாதியைத்தான் எங்கள் பக்கத்தில் எழுதினேன். அந்த வாரமே மகனுக்கு அம்மை போட்டது. கணினிப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது புதிய பதிப்பு வெளியாகியிருந்தது.

-b ஐ அவர் முற்றாக நீக்கவில்லை. நீக்கினால் அதைப் பாவிக்கிறவர்களின் வேலை பிழைச் செய்தியோடு நின்றுவிடும், எங்களைத் திட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. அதனால், -b என்று எழுதினால் மென்பொருள் அதை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒன்றும் செய்யாது. எச்சரிக்கையும் இல்லை. இந்தத் துறையில் பலரும் செய்கிற காரியம்தான். என் கேள்விக்குக் கீழே, "உடையாமல் செய்திருக்கிறேன், கவலை வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கவலை கூடியது. உடைந்தால் சத்தம் கேட்கும். இதில் அந்தச் சத்தமும் கேட்காது. மறுபடி எழுதலாமா என்று யோசித்தேன். அவர் என்னைவிட அதிகம் தெரிந்தவர். நான் எப்போதும் இப்படித்தான், எரியாத அடுப்பைப் போய்ப் போய்ப் பார்க்கிறவள். எழுதாமல் விட்டேன்.

பிறகு ஒரு மழை நாளில் மகனுக்கு இருமல் பிடித்தது. நாங்கள் வழக்கமாகப் போகும் டொக்டரின் டிஸ்பென்சரி கண்டி டவுனில் இருக்கிறது. டொக்டர் பார்த்து எழுதிக்கொடுத்தால், அங்கேயே கவுண்டரில் மருந்தை ஊற்றி, லேபல் ஒட்டித் தருவார்கள். அன்றைக்குக் கவுண்டரில் புதிதாக ஒரு சிங்களப் பெண் நின்றார். சனம் நெருக்கியது. அவர் போத்தலை நீட்டி, சிங்களத்தில் வேகமாக ஏதோ சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நான் வழக்கம்போல நின்ற இடத்திலேயே லேபலைப் பார்த்தேன்.

சிங்களம் மட்டும் இருந்தது. தமிழ் இல்லை.

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், பாடசாலையில் படித்ததுதான். ஆனால் போன முறை வரைக்கும் இந்த லேபலில் தமிழ் இருந்தது. நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். புதிய ஆள், தமிழ் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்? இது எங்கள் ஊர் என்பாரா? மகன் தோளில் இருமினான். கேட்காமல் வெளியே வந்தேன். வரும் வழியெல்லாம் மனதுக்குள் அந்தப் பெண்ணோடு சண்டை பிடித்தேன், அதில் நானே வென்றேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு இளம் பெண் நின்றார். தோளில் சாய்த்த கைக்குழந்தை, கையில் அதே டிஸ்பென்சரியின் பை. என்னையும் என் கையில் இருந்த பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அக்கா, தமிழா?"

"ஓம்மா, சொல்லுங்க."

"இதக் கொஞ்சம் வாசிச்சிச் சொல்றீங்களா? அந்தப் பொண்ணு என்னமோ சொன்னுச்சி, எனக்கு வெளங்கல. எங்க தோட்டத்துல சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஆளு இல்ல. ஹுன்னஸ்கிரிய பக்கம், தேயிலத் தோட்டம்."

போத்தலில் ரோஸ் நிற மருந்து. லேபலின் மேல் பாதியில் சிங்களம், அதன் கீழே ஒரு புள்ளிக்கோடு. கோட்டுக்குக் கீழே வெறுமையாக இருந்தது.

"அரைத் தேக்கரண்டி. காலையில, பகல், ராவைக்கு" என்றேன்.

"அரையா?" அவர் முகம் மாறியது. "மூத்தவனுக்கு இதே மருந்துதான் போன மாசம் தந்தாங்க. அந்தப் போத்தல்ல தமிழ்ல ஒரு கரண்டின்னு போட்டிருந்துச்சி. அது வீட்டுல இருக்கு. வாசிக்க ஆளு கெடைக்கலன்னா அதப் பாத்துக் குடுப்போம்னுதான் நெனச்சேன்."

நான் குழந்தையைப் பார்த்தேன். தலை இன்னும் சரியாக நிற்காத குழந்தை.

மறுபடி லேபலை வாசித்தேன். அரை என்றுதான் இருந்தது. மூன்றாம் தடவை வாசித்தபோது அரையா ஒன்றரையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மழை வெளிச்சம். எழுத்தும் சின்னது. என் சிங்களம் பரீட்சைக்குப் படித்த சிங்களம்.

"வாங்க, உள்ள போய்க் கேப்போம்" என்றேன்.

"ஐயோ அக்கா, பஸ்ஸு வரப்போகுது. நீங்கதான் வாசிச்சிட்டீங்களே."

"வாசிச்சேன். ஆனா வாசிச்ச என்ன நானே நம்பல."

அவர் சிரித்துவிட்டார். "என்ன அக்கா நீங்க, படிச்சவங்க இப்பிடிச் சொன்னா நாங்க எங்க போறது?" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது அவருடைய பஸ் போவதைப் பார்த்தோம்.

கவுண்டரில் இப்போது கூட்டம் குறைந்திருந்தது. போத்தலை நீட்டி, எவ்வளவு என்று சிங்களத்தில் கேட்டேன். அந்தப் பெண் டொக்டர் மருந்து எழுதிய துண்டுச்சீட்டையும் லேபலையும் ஒப்பிட்டுப் பார்த்து, அரைத் தேக்கரண்டிதான் என்றார். நான் சரியாகத்தான் வாசித்திருந்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. முன்பு தமிழ் இருந்ததே, ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் சிங்களம் கலந்த தமிழில் பதில் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நான் எடுக்க இல்லை மிஸ். மெஷின்ல வர இல்லை. முந்தி வந்தது நே? இப்ப கீழ சும்மா."

"எப்ப இருந்து?"

"கொம்பியூட்டர் பாக்கிறவர் வந்து அப்டேட் செஞ்சது. அதுக்குப் பொறகு இல்லை. நான் அவருட்ட கேட்டது. எரர் ஒண்டும் இல்லை, சரியா வேலை செய்யுது சொன்னார். நான் நினைச்சேன், டொக்டர்தான் தமிழ் வேணாம் சொல்லியிருக்கும். புது ஆள் நான், எப்பிடிக் கேக்கிறது?"

"ஆக்கள் கேக்கலையா? தமிழ் ஆக்கள்?"

"அனே மிஸ், ஒருத்தரும் கேக்க இல்லை."

போத்தல் திரும்ப என் கைக்கு வந்திருந்தது. அந்தப் புள்ளிக்கோட்டை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு புள்ளி, ஒரு சின்னக் கோடு, மறுபடி இரண்டு புள்ளி. முந்தைய லேபல்களிலும் இது இருந்திருக்க வேண்டும். தமிழை வாசிக்கிற அவசரத்தில் என் கண் கோட்டில் நிற்கவில்லை. இப்போது கீழே ஒன்றும் இல்லாததால் கோடு மட்டும் தெரிந்தது. வேண்டுமென்று ஒருவர் தமிழை எடுத்திருந்தால் இந்தக் கோட்டையும் எடுத்திருப்பார், லேபலையும் பாதியாக்கியிருப்பார். இங்கே இடம் தமிழுக்காகக் காத்திருந்தது. அந்தக் கோட்டின் வடிவம் எனக்குத் தெரியும். எங்கள் மென்பொருளோடு மாதிரிக்காகக் கொடுக்கிற வடிவமைப்பில் அதை வரைந்தது நான்.

மென்பொருளின் பெயரைச் சொல்லி, உங்கள் கணினியில் அது இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. லேபல் அடிக்க அழுத்தவென்று கொம்பியூட்டர்காரர் திரையில் செய்து வைத்திருந்த சின்னப் படத்தைத் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க விட்டார். ஒரே ஒரு வரி. அதன் கடைசியில் -b.

நான் எழுதிய எச்சரிக்கையும் இந்தக் கணினிக்கு வந்திருக்கும். திரைக்குப் பின்னால் ஓடும் அந்த வரி, யாரும் பார்க்காத இடத்தில் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கும்.

"என்ன மிஸ்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இது உங்கட பிழை இல்ல" என்றேன். எங்களுடைய பிழை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. சொன்னபோது அவர் நம்பவில்லை. இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா, உங்கள் லேபல் மெஷினின் உள்வேலையைச் செய்தது நாங்கள்தான் என்றால் யார் நம்புவார்கள்?

பேனையை வாங்கி, புள்ளிக்கோட்டுக்குக் கீழே இருந்த வெறுமையில் எழுதினேன்: அரைத் தேக்கரண்டி. காலை, பகல், இரவு. ஒன்று அல்ல, அரை.

தோட்டத்துப் பெண் போத்தலை வாங்கி, விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தார். "ஒன்று அல்ல, அரை" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு குழந்தையைப் பார்த்து, "கேட்டுச்சா? ஒனக்கு அரைதான்" என்றார். அடுத்த பஸ் எப்போது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது வரும்வரை கூட நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகனை ராத்தாவிடம் விட்டேன். அன்றைக்கு அவன் என்ன சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. அண்ணாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

எந்த டிஸ்பென்சரி என்று கேட்டார். பிறகு, "அப்ப நிப்பாட்டி விடுவம். -b வந்தா ஓடாது, பிழை எண்டு கத்தட்டும். உமக்கும் அதுதானே வேணும்?" என்றார்.

முதலில் நான் நினைத்ததும் அதுதான். ஆனால் கவுண்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அதிலும் எனக்குச் சந்தேகம். "அப்ப லேபலே வராது அண்ணா. அந்தப் பொண்ணு கையால எழுதும். சிங்களத்துலதான் எழுதும், அதுக்குத் தமிழ் எழுதத் தெரியாது."

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுறீர்?"

"பழையபடி வைக்கணும். -b போட்டா ரெண்டு மொழியும் வரணும்."

"ஒரு டிஸ்பென்சரிக்காகவோ?"

"ஒண்ணு எனக்குத் தெரிஞ்சது. மத்தது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"நீர் இப்ப மருந்துக்கடைக்காரியாப் போட்டீர். நிரல் முழுக்கச் சிக்கலாக் கிடக்குது, தெரியும்தானே?"

"தெரியும். சிக்கல நான் பாத்துக்கிறேன். -b இல்லாத பதிப்புக்கு இனி நான் ஒப்புதல் தரமாட்டேன்."

எங்கள் விதிப்படி அடுத்த பதிப்புக்கு இருவர் ஒப்புதலும் வேண்டும். அம்மை வந்த வாரத்தில் வெளியானதற்கு மட்டும், அவசரம் என்று சொல்லி என்னுடையதை அவரே போட்டிருந்தார். இவ்வளவு காலத்தில் அவரிடம் மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டு உடனே, கோபமா அண்ணா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரி" என்றார் அவர். "ஆனா -b பழசு எண்ட எச்சரிக்கை தமிழிலயும் சிங்களத்திலயும் இருக்கோணும். இந்த முறையும் நீர்தான் எழுதோணும்."

"எழுதுறேன். எழுதினாலும் அத யாரும் பார்க்கமாட்டாங்க."

"உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றார். அந்தத் தடவை அதில் குற்றம் சொல்லும் தொனி இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பழைய தெரிவைத் திரும்பக் கொண்டுவருவது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. முடிந்ததும் டிஸ்பென்சரிக் கணினியைப் பார்க்கிறவரோடு பேசினேன். கலகெதரயில் கடை வைத்திருக்கிறவர். "எரர் ஒன்றும் வரவில்லையே மிஸ், பிறகு எதற்கு மாற்றுவது?" என்று சிங்களத்தில் கேட்டார். எரர் வராததுதான் பிரச்சினை என்று சொன்னேன். நல்ல மனிதர், விளங்காமலே வந்து மாற்றினார். நான் பக்கத்தில் நின்றேன். லேபல் வெளியே வந்தது. மேலே சிங்களம், கோடு, கீழே தமிழ். கவுண்டர் பெண் அதைக் கிழித்து என் கையில் ஒட்டிவிட்டார். "இப்ப சரி நே மிஸ்?"

சரி என்றேன். இடையில் எத்தனை போத்தல்கள் பாதி வெறுமையோடு போயிருக்கும் என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி மருந்து ஊற்ற வெறும் போத்தலோடு வருகிற தமிழ் ஆட்களிடம், போன தடவை வீட்டில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கச் சொன்னேன், கேட்பதாகச் சொன்னார். வராதவர்களிடம் கேட்க வழியில்லை.

அந்தத் தோட்டத்துப் பெண்ணை அதற்குப் பிறகு ஒரு நாள் அதே டிஸ்பென்சரியில் கண்டேன். குழந்தை கழுத்தை நிமிர்த்தி, என் மகனின் தொப்பியை இழுக்கப் பார்த்தது. இந்த முறை மூத்தவனுக்கு மருந்தாம். பழைய போத்தலைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். என் பேனை எழுத்து பாதி அழிந்திருந்தது.

கவுண்டரில் மருந்து ஊற்றிப் புது லேபல் ஒட்டிய போத்தலை வாங்கி, நின்ற இடத்திலேயே லேபலைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் நகரவில்லை. விரலை வைத்து, கோட்டுக்குக் கீழே இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் போத்தலை நீட்டினார்.

"ஒரு கரண்டின்னு போட்டிருக்கு. சரியா அக்கா?"

சிங்களத்தை வாசித்தேன். தமிழை வாசித்தேன். மறுபடி சிங்களத்தை வாசித்தேன்.

"சரி" என்றேன்.